நாலு இரும்புக் கால்

செப்டம்பர் 2, செவ்வாய்

என் பெயர் சுருளிவேல். வயது எழுபத்தொன்று. ஊர் போடி. இதை நானே எழுதினேன்.

செப்டம்பர் 3, புதன்

நேற்று எழுதியதை இன்று காலையில் எடுத்துப் படித்தேன். அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்துகூட ஓடிப்போகவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

தினமும் ஐந்து வரியாவது எழுத வேண்டும் என்று எழுத்து வகுப்பில் வேதவல்லி டீச்சர் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. தை மாதத்திலிருந்து எட்டு மாதம் வெள்ளையாகக் கிடக்கிறது. கட்டை விரல் வலிக்கிறது. ஐந்து வரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

நான் சினிமாக் கொட்டகை வாசலில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தவன். பெஞ்சுக்குப் பச்சை, சேருக்கு ரோஸ், பால்கனிக்கு மஞ்சள். நிறத்தைப் பார்த்துக் கிழிப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது முதலாளிக்குக் கடைசி வரை தெரியாது. சம்பளப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து, பார்த்து வரையக் கற்றுக்கொண்ட ஒரு படம்.

என் மனைவி அன்னக்கொடிக்கு மட்டும் தெரியும். கல்யாணப் பத்திரிகை, கரண்டு பில், மருந்துச் சீட்டு எல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். பொங்கல் முடிந்து, ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை. நான் பங்குனியில் வகுப்பில் சேர்ந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

அவள் ஏன் போனாள் என்று எழுதப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். எழுதுவதில் இது ஒரு நல்ல வசதி. பேசும்போது வாய் தவறி வந்துவிடும். எழுதும்போது பேனாவைத் தூக்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அன்னக்கொடி போன் செய்தாள்.

"வீடு ஒழுகுதா?"

"மழையே இல்லையே."

"மழை இல்லாட்டி எந்த வீடும்தான் ஒழுகாது. தீபாவளிக்கு நான் அங்க வரணும்னா, நல்ல ஆளாப் பாத்து மாடியைச் சரி பண்ணுங்க. என்ன பண்ணணுமோ அதைப் பண்ணணும்."

"என்ன பண்ணணும்?"

"உங்களுக்குத் தெரியும்."

வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிக்குப் போய்ப் புறாக்களுக்குத் தீனி வைத்தேன். பதினாறும் நலம்.

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டுக்கு எதிரே மில்லுக்காரர் சுவர் இருக்கிறது. அதில் நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருப்பார்கள். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஏதோ கட்சிக்காரர்கள் எழுதியது என்று நினைத்திருந்தேன். தேர்தல் முடிந்தும் அழிக்க மாட்டேன் என்கிறார்களே என்று கோபம்கூட வந்திருக்கிறது.

இன்று பல் விளக்கிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "மாடி ஒழுகுகிறதா? கவலையை விடுங்கள். பவுன்ராஜ் மேஸ்திரி." கீழே போன் நம்பர்.

வாயில் பற்பசையோடு நின்று கை தட்டினேன். பால்காரர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷமாக ஆள் எதிரிலேயே நின்று கூப்பிட்டிருக்கிறார்!

செப்டம்பர் 10, புதன்

பவுன்ராஜ் மேஸ்திரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பாக்குப் போட்டுத் துப்புகிறவர்.

எங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்ட இரண்டு அறை வீடு. உள் அறையில், அன்னக்கொடியின் கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகும். சொட்டுத் தண்ணீரைப் பிடிக்க அங்கே வாயகன்ற ஓர் அலுமினியச் சருவத்தை வைத்திருக்கிறேன். மேஸ்திரி சருவத்தைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், குச்சியால் தட்டிப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து, செருப்பை வாசல்படியில் நன்றாகத் தேய்த்தார்.

"ரெண்டு விஷயம் பெரியவரே. ஒண்ணு, தளத்துல பதிச்ச தட்டோட்டுக்கு இடையில பூசினதெல்லாம் விட்டுப்போச்சு. சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடைக்கணும்."

"சரி."

இரண்டாவது சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"அதைத் தூக்காம நான் கரண்டியையே தொட மாட்டேன்" என்றார்.

"வேற வழி இருக்கா?"

"வேற வழி இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அவன் பொய் சொல்றான்னு அர்த்தம்."

முரட்டு ஆள். போகும்போது வாசலில் துப்பிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 11, வியாழன்

பவுன்ராஜ் வேண்டாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

டீக்கடையில் விசாரித்தேன். வீடு ஒழுகுது, நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கா என்றுதான் கேட்டேன். ஒருவர் தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்றார். எங்கள் வீட்டு மாடியில் தொட்டியே இல்லை. ஒருவர் கம்பி துருப்பிடித்திருக்கும், வீட்டை இடித்துக் கட்டுவதுதான் சரி என்றார். இன்னொருவர், மாடி முழுக்கத் தகரம் போட்டு மூடிவிடச் சொன்னார். தகரம் போட்டால் சத்தம், தூங்க முடியாது என்று முதல் ஆள் சண்டைக்குப் போனார். இருவரும் சண்டை போட்டதில் என் டீ ஆறிவிட்டது.

பேப்பரின் நடுவில் ஒரு நோட்டீஸ் இருந்தது. மழைக்கசிவுத் தடுப்பு, நவீன முறை என்று போட்டிருந்தது. நானே படித்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நோட்டீஸ்காரர் வந்தார். பெயர் தினகர். முழுக்கைச் சட்டை, பளபளப்பான ஷூ. வந்ததும் தன் பெயர் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். படித்துக் காட்டினேன். "அடேங்கப்பா" என்றார்.

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். தளத்தில் கால் வைக்கவில்லை.

"ஐயா, இது மேல இருந்து வர்ற தண்ணியே இல்ல. சுவர் வழியா ஈரம் ஏறி, உச்சிக்குப் போயிச் சொட்டுது. எல்லா வீட்லயும் இதான் இப்ப."

"பவுன்ராஜ் மேஸ்திரி வேற மாதிரி சொன்னாரே?"

"பழைய ஆளுக. அவுங்களுக்கு என்ன தெரியும்? நம்ம கிட்ட ஒரு பெயிண்டு இருக்கு. ஒரே ஒரு கோட்டு. பத்து வருஷத்துக்குச் சொட்டுத் தண்ணி இறங்காது."

கூண்டுப் பக்கம் கை காட்டி, "புறாவா? லட்சணமா இருக்குய்யா. அது பாட்டுக்கு இருக்கட்டும். வாயில்லா ஜீவன்" என்றார். என் மனம் குளிர்ந்துவிட்டது.

பிறகு உத்தரவாதப் பத்திரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். மேலே என் பெயர். கீழே பொடி எழுத்தில் இருபத்தொரு வரிகள். முன்பணம் கொடுத்தால் நாளைக்கே வேலை என்றார். முதலில் படித்துவிடுகிறேன் என்றேன். "படிங்க, படிங்க" என்று சிரித்தார்.

ஒரு விஷயம். கொட்டகை வாசலில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. டிக்கெட் இல்லாமல் நுழையப் பார்க்கிறவன் நேராக நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். டிக்கெட் வைத்திருக்கிறவன் தன் கையைத்தான் பார்ப்பான். தினகர் வந்ததிலிருந்து போகும் வரை என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அது கொட்டகை, இது வேறு. இவர் எழுதியல்லவா கொடுத்திருக்கிறார்!

செப்டம்பர் 15, திங்கள்

உத்தரவாதப் பத்திரம், முதல் இரண்டு வரி. என் பெயரும் தெருப் பெயரும் சரியாக இருக்கின்றன. எனக்கு வந்த தாளை முதல் முறையாக நானே படிக்கிறேன். அவசரப்படக் கூடாது.

செப்டம்பர் 17, புதன்

ஆறு வரி முடிந்தது. ‘ஒப்பந்ததாரர்’ என்ற சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளைப் பெடை இட்ட இரண்டும் கூமுட்டை.

செப்டம்பர் 20, சனி

தினகர் போன் செய்தார்.

"என்ன தாத்தா, ஒரு பக்கத்தை ஒரு வாரமாவா படிப்பாக?"

"பதினோரு வரி வந்துட்டேன்."

"மழை வந்துரும். அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது."

ஐயா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரே வாரத்தில் தாத்தா என்கிறார். வயது என்னவோ அதேதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பதினான்காம் வரி: "பலத்த மழை, தொடர் மழை, புயல் மழை ஆகியவற்றால் ஏற்படும் கசிவு இதில் அடங்காது."

மூன்று மழையையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது தூறல்தான். தூறலுக்கு எங்கள் வீடு என்றைக்குமே ஒழுகியதில்லை. எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சரியாகப் படிக்கவில்லையோ என்று மறுபடி படித்தேன். மறுபடியும் அதேதான் வருகிறது.

தினகரிடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா அச்சுல போடுறது. யாரும் படிக்க மாட்டாங்க" என்றார்.

"நான் படிக்கிறேனே" என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசி வரி. எங்கும் நிற்காமல், விரல் வைக்காமல், ஒரே மூச்சில் படித்தேன்: "மேல்தளத்தில் வளர்ப்புப் பறவைகளோ அவற்றுக்கான கூண்டோ இருந்தால் இந்த உத்தரவாதம் செல்லாது."

ஒரே மூச்சில் படித்துவிட்டோமே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பாதி குடிக்கும்போதுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது.

வாயால் இருக்கட்டும் என்கிறார். தாளில் இருக்கக் கூடாது என்கிறார். நான் எதை நம்புவது?

செப்டம்பர் 27, சனி

தினகர் முன்பணம் வாங்க வந்தார். தாளைக் கேட்டார். எடுத்து நீட்டப் போனேன். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக நடுவில் கிழித்துவிட்டது. பாதியை அவர் கையில் கொடுத்தேன், பாதியை நான் வைத்துக்கொண்டேன்.

"பெருசு, உனக்குக் கிறுக்கா?" என்றார்.

"படம் முடிஞ்சது தம்பி. வெளிய போற வழி அந்தப் பக்கம்" என்றேன்.

இதை அன்னக்கொடி பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிரிப்பு தீர்ந்துவிட்டது. தீபாவளிக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. பவுன்ராஜ் அப்படிச் சொல்கிறார், தினகரின் தாளும் அதையே சொல்கிறது. அதை என்று எழுதுகிறேனே தவிர எதை என்று இன்னும் எழுதவில்லை. டைரிக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேற்கே மலைக்கு மேல் கருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

சுப்புராஜ் நகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் தட்டோடு பதிக்கும் சத்தம் கேட்டது. பேச்சை நம்பிப் பார்த்தாயிற்று, தாளையும் நம்பிப் பார்த்தாயிற்று, வேலையைப் பார்ப்போம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு மேலே போனேன்.

ஐந்து பேர் வேலை செய்தார்கள். மேஸ்திரி ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. ஒரு செம்புத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். தண்ணீர் ஒரு மூலையில் நின்றுவிட்டது.

"ஏப்பா செல்லையா, இங்க என்ன ஆடு தண்ணி குடிக்கப் போகுதா? பேத்து எடு. நாலு வரிசையும் எடு."

"யக்கா, இன்னைக்கு வெள்ளன வீட்டுக்குப் போகணும்."

"தண்ணியை வெள்ளனப் போகச் சொல்லு. அப்புறம் நீ போ."

செல்லையா முணுமுணுத்துக்கொண்டே நான்கு வரிசையையும் பெயர்த்தார். வீட்டுக்காரர் அப்போது மேலேகூட இல்லை. எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.

என் வீட்டைச் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னக்கொடியம்மா வீடா? போன கார்த்திகை மழையில அவுகளே வந்து என்னையக் கூட்டிட்டுப் போனாகளே. நீங்க தீவனக் கடைக்குப் போயிருந்தீக. ஏறிப் பாத்துட்டு விவரம் சொல்லிட்டுத்தான் வந்தேன். உங்க கிட்டச் சொல்லலையா?"

சொன்னாள். அன்னக்கொடிக்கு யார் சொன்னது என்று நான்தான் கேட்கவில்லை.

இந்த மேஸ்திரியின் பெயர் வேலுத்தாய். அட்டை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிமெண்டு காயும் தன் கையைப் பார்த்துச் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வேலுத்தாய் வீட்டில் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் வரை தொட மாட்டார்களாம். எனக்கும் பொரிகடலை கொடுத்தாள். நானும் வீட்டுக்கு வந்து பேனாவுக்குப் பொட்டு வைத்தேன். அதையும் எடுக்கக் கூடாதோ? இதை எழுதிய பிறகுதான் நினைவு வந்தது.

அக்டோபர் 4, சனி

வேலுத்தாய் வந்தாள். "கூண்டைப் பத்தி நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நான் ஏன் சொல்றேன்? நான் சொன்னா நம்ப மாட்டீக. உங்க வீட்டம்மா சொல்லியே நம்பல. தண்ணி சொல்லட்டும்."

மாடியின் நடுவில் களிமண்ணால் ஒரு முழ உயரம்கூட இல்லாத வரப்பு ஒன்றைக் கட்டினாள். தளம் இரண்டு பாத்தி ஆகிவிட்டது. கிழக்குப் பாத்தியில் ஒன்றும் இல்லை. மேற்குப் பாத்தியில் புறாக்கூண்டு. மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் துணியை அடைத்து, கிழக்குப் பாத்தியில் மட்டும் தண்ணீர் நிரப்பினாள்.

"நாளைக்குக் காலை வரைக்கும் இப்படியே நிக்கட்டும். நீங்க கீழ உக்காந்து பாருங்க பெரியய்யா. ஒழுகினா எழுதி வைங்க."

நாள் முழுக்க உள் அறையில் சருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. வீடு ஒழுகவே இல்லை! எல்லோரும் சேர்ந்து என்னைக் குழப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் கிழக்குப் பாத்தியைத் திறந்துவிட்டு மேற்குப் பாத்தியை நிரப்பினாள். நான் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

பதினொன்று இருபதுக்கு மேலே சுண்ணாம்பு கருத்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு ‘டங்’ என்று சருவத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன கார்த்திகை முழுவதும் கேட்ட சத்தம்.

வேலுத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். மாடிக்குப் போய்த் துணியைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் இறங்கிய பிறகு வந்து, "யோசிச்சுச் சொல்லிவிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது எழுதுகிறேன்.

கொட்டகையை மூடிய பிறகு எனக்கு வேலை இல்லை. புறா வளர்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் பெரிய இரும்புக் கூண்டு செய்தேன். காற்றில் ஆடக் கூடாது என்று, வாடகைக்கு மெஷின் வாங்கிவந்து, தளத்தில் நானே ஓட்டை போட்டு நாலு இரும்புக் காலையும் இறக்கினேன். வீடு கட்டிய கொத்தனார் தளத்தில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அன்னக்கொடியும் சொன்னாள். நான் கேட்கவில்லை. தினமும் கூண்டைக் கழுவி ஊற்றும் தண்ணீரும் அந்தக் கால் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

கார்த்திகையில் அவள் கட்டிலில் சொட்டியது. கட்டிலை மூன்று முறை நகர்த்தினாள். இருமல் வந்தது. மார்கழி முழுக்க இருமினாள். கூண்டை எடுங்கள், கூண்டை எடுங்கள் என்று சொன்னாள். நான் புறா எச்சத்தால் கான்கிரீட் உறுதியாகும் என்று சொன்னேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகச் சொன்னது.

பொங்கல் முடிந்த மறுநாள், "புறாவா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறீக?" என்று கேட்டாள்.

"புறா கேள்வி கேக்காது" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

எழுதிவிட்டேன். பேனாவைத் தூக்கிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

அன்னக்கொடிக்குக் கடிதம் எழுதினேன். போனில் பேசினால் நாங்கள் மூன்றாவது வார்த்தையில் சண்டைக்கு வந்துவிடுவோம். என்ன எழுதினேன் என்பதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அன்னக்கொடிக்கு, சுருளிவேல் எழுதுவது. கூண்டுக்கால் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. நீ சொன்னது சரி. நீ கூட்டி வந்த வேலுத்தாய்க்கே வேலையைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. இருமல் எப்படி இருக்கிறது?"

தபால் பெட்டியில் போட்ட பிறகு, விழுந்துவிட்டதா என்று அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

கூண்டை அறுத்து இறக்கினார்கள். பின்வாசலில் குளியலறை ஓரமாகத் தரையில் மேடை கட்டி வைத்தார்கள். ஓட்டைகளைக் கொத்திப் பார்த்தால் நாலு பள்ளத்திலும் துருத்தண்ணீர், கறுத்த டீ மாதிரி. வேலுத்தாய் என்னை அழைத்துக் காட்டினாள்.

"எந்த மடையன் பெரியய்யா இந்த ஓட்டையைப் போட்டது?"

"நான்தான் தாயி."

செல்லையா சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

போன்.

"லெட்டர் வந்துச்சு."

"சரி."

"யாரை வச்சு எழுதினீக?"

"நானேதான் எழுதினேன்."

"நெசமாச் சொல்லுங்க."

"பங்குனியில இருந்து வகுப்புக்குப் போறேன்."

அந்தப் பக்கம் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"எழுத்தைப் பாத்தா கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள். "அதான் நெசமா இருக்குமோன்னு நெனைச்சேன்."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. இருமல் குறைந்திருக்கிறதாம்.

அக்டோபர் 11, சனி

ஓட்டைகளை அடைத்து, தளம் முழுக்க இடைவெளிகளைச் சுரண்டிப் பூசினார்கள். சாயங்காலம் புறாக்கள் பறந்து வந்து, வழக்கம்போல் பழைய இடத்தில் ஈரப் பூச்சு மேலேயே இறங்கிவிட்டன. கூண்டு மாறியது அவற்றுக்கு எப்படித் தெரியும்? வேலுத்தாய் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினாள். "ஏ, உங்களுக்காக ஒரு கெழவன் ஒன்பது மாசம் வெந்து செத்துருக்கான், இன்னும் புத்தி வரலையா?" என்று புறாக்களைத் திட்டினாள். கால் தடங்களை அழித்துப் பூசினாள். ஒன்று மட்டும் மூலையில் தப்பிவிட்டது. நான் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தினமும் மாடியில் தண்ணீர் நனைத்து வைக்கிறேன். புறாக்கள் ஏழு கீழ்க் கூண்டுக்கு வந்துவிட்டன. ஒன்பது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றன.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று மாலையிலிருந்து மழை. நல்ல மழை. பலத்த மழை, தொடர் மழை இரண்டும். சருவத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சருவம் காய்ந்து கிடக்கிறது. வேலுத்தாய் முழங்கால் வரை நனைந்து வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளிடம் யாரும் உத்தரவாதம் கேட்கவில்லை.

கீழ்க் கூண்டில் புறா பதின்மூன்று.

அக்டோபர் 18, சனி

போன் வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

வந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். ஈரச் சேலையோடு நேராக உள் அறைக்குப் போய், ஒழுகின இடத்துக்குக் கீழே நின்று, உள்ளங்கையை மல்லாத்தி நீட்டினாள். வெளியே மழை கொட்டுகிறது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. நான் கதவருகில் நின்றேன். கொட்டகையில்கூட இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்ததில்லை.

கையை மடக்கிச் சேலையில் துடைத்துக்கொண்டாள். காய்ந்த கையை.

"கட்டிலை இங்க இழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டேன். நம்பிக்கை இல்லாமல் சருவத்தையும் கட்டில் மேலேயே தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிய விடிய மழை. சருவத்தில் சொட்டு இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பணியாரம் சுட்டாள். இந்த டைரியை எடுத்துப் புரட்டினாள். நான் தடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். உத்தரவாதத் தாளைக் கிழித்த இடத்தில் சிரித்தாள். அக்டோபர் ஐந்தாம் தேதிக்கு வந்ததும் நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டைரி மூடியிருந்தது. பணியாரம் கருகிவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் மழை விட்டிருந்தது. கட்டிலில் அவளைக் காணோம், சருவத்தையும் காணோம். பின்வாசலில் சத்தம் கேட்டுப் போனேன்.

சருவம் நிறையக் கம்புத் தீனியைப் போட்டு, கூண்டு மேடையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினாறும் வந்திருந்தன. அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தன.

என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "புறா கேள்வி கேக்காதுன்னு யாரு சொன்னது? இந்தா, விடிஞ்சதுல இருந்து தீனி எங்க, தீனி எங்கன்னு கேட்டுக்கிட்டேதான இருக்கு. வந்து பதில் சொல்லுங்க."